ஓப்பன் ஜி-யிலிருந்து சி6-க்கு மாறினால் கை ஏன் எதிர்த்திசையில் போகிறது?

மடியில் கிடத்தி வாசிக்கும் லேப் ஸ்டீல் கிட்டாரை இரண்டு ஆண்டுகள் ஓப்பன் ஜி ட்யூனிங்கில் (தந்திகளைச் சுருதி சேர்க்கும் ஒரு முறை) வாசித்துவிட்டு, இன்னொரு ட்யூனிங்கான சி6-க்கு மாறியிருக்கிறீர்கள். மாறி ஒரு மாதம் ஆகிறது. நன்றாகத் தெரிந்த பாட்டுகூடக் கைக்கு வரவில்லை என்கிறீர்கள். எதை மீட்டினாலும் பழைய ஹவாய்ப் பாட்டுப் போலவே ஒலிக்கிறது, ஜி7 போன்ற கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) எங்கே ஒளிந்திருக்கின்றன என்றே தெரியவில்லை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டதால்தான் இந்தத் தடுமாற்றமா, பழைய ட்யூனிங்குக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

திரும்ப வேண்டாம். வயதுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. நீங்கள் சொன்ன மூன்று சிக்கல்களுக்கும் காரணம் தந்திகளின் அமைப்பிலேயே இருக்கிறது. அது என்னவென்று தெரிந்துகொண்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். நானும் இதே பாதையில்தான் வந்தேன். எனக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. அவற்றில் முதல் இரண்டு மாதங்கள் வீணாகப் போனதற்குக் காரணம், யாரும் எனக்குப் பின்வரும் விஷயத்தை எடுத்துச் சொல்லாததுதான்.

சாதாரணக் கிட்டாரில் இடது கையின் நான்கு விரல்களும் நான்கு வெவ்வேறு இடங்களை அழுத்தலாம். மடியில் கிடத்தி வாசிக்கும் இந்தக் கிட்டாரில் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு உருக்கு உருளை. அது நேர்கோடு, வளையாது. ஐந்தாம் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே உள்ள ஐந்தாம் கோட்டில், வைத்தால் எல்லாத் தந்திகளும் ஐந்தாம் ஃப்ரெட்டில்தான் ஒலிக்கும். சாதாரணக் கிட்டாரில் விரல்கள் செய்கிற வேலையை இங்கே ட்யூனிங் செய்கிறது. அதனால் ட்யூனிங்கை மாற்றுவது சுரங்களின் முகவரியை மாற்றுவதோடு நிற்பதில்லை. இடது கைக்கு வேறு விரல்களைப் பொருத்திக்கொள்வதற்குச் சமம். ‘இந்தச் சுரம் முன்பு எங்கே இருந்தது, இப்போது எங்கே போய்விட்டது’ என்று தேடிக்கொண்டிருக்கும்வரை கை பழகாது. ‘இந்த நேர்கோட்டின் கீழே இப்போது எந்தெந்த ஜோடிகள் இருக்கின்றன’ என்று கேட்கத் தொடங்கினால் பழகும்.

ஜோடி என்று எதைச் சொல்கிறேன் என்பதை நம்முடைய சுரப் பெயர்களிலேயே காட்டுகிறேன், அது எளிது. உங்கள் பழைய ட்யூனிங் தடித்த தந்தியிலிருந்து ஜி பி டி ஜி பி டி. ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் அது ஸ க ப ஸ க ப. புதிய ட்யூனிங் சி இ ஜி ஏ சி இ. சி-யை ஸட்ஜமாக வைத்தால் ஸ க ப த ஸ க. மோகன ராகத்தின் சுரங்களில் ரிஷபத்தை மட்டும் எடுத்துவிட்டால் இதுதான் மிஞ்சும். மெல்லிய தந்தியை ஒன்று என்று எண்ணினால், பழையதில் மூன்று, இரண்டு, ஒன்று ஆகிய தந்திகள் ஸ க ப. புதியதில் அதே மூன்று தந்திகள் த ஸ க.

இப்போது அடுத்தடுத்த இரு தந்திகளுக்கு இடையே எத்தனை அரைச்சுரங்கள் என்று எண்ணுங்கள். பழையதில் மூன்றும் இரண்டும் சேர்ந்த ஜோடியில் நான்கு (ஸ-க, பெரிய ஜோடி), இரண்டும் ஒன்றும் சேர்ந்ததில் மூன்று (க-ப, சின்ன ஜோடி). புதியதில் மூன்றும் இரண்டும் மூன்று அரைச்சுரம் (த-ஸ), இரண்டும் ஒன்றும் நான்கு (ஸ-க). அதாவது பெரிய ஜோடியும் சின்ன ஜோடியும் இடம் மாறிவிட்டன. அதே தந்திகள், அதே வலதுகை விரல்கள், நேர் எதிரான ஒலி. உங்கள் தடுமாற்றம் முழுவதும் இந்த ஓர் இடமாற்றத்திலிருந்துதான் பிறக்கிறது.

இதன் விளைவைக் கையில் வாசித்தே பாருங்கள். சங்கராபரணத்தை இரண்டிரண்டு சுரங்களாக, ஸ-க, ரி-ம, க-ப என்று ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். பழைய ட்யூனிங்கில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் மூன்று, இரண்டு தந்திகளை மீட்டினால் ஸ-க. அடுத்த படியான ரி-ம சின்ன ஜோடி. அது இரண்டு, ஒன்று தந்திகளில் பத்தாம் ஃப்ரெட்டில் இருக்கிறது. ஒலி ஒரு படி ஏறுகிறது, கை இரண்டு ஃப்ரெட் பின்னால் வருகிறது. இரண்டு ஆண்டுகளில் உங்கள் கை இதை எலும்புவரை பழகிவிட்டது.

சி6-ல் பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் ஸ-க இரண்டு, ஒன்று தந்திகளில் இருக்கிறது. அடுத்த ரி-ம மூன்று, இரண்டு தந்திகளில், பதினேழாம் ஃப்ரெட்டில். கை ஐந்து ஃப்ரெட் முன்னால் ஓட வேண்டும். ஸ-க-விலிருந்து ஒரு படி கீழே இறங்கி நி-ரி வாசிக்க வேண்டுமானால் இன்னும் விசித்திரம். பழையதில் கை பன்னிரண்டிலிருந்து ஏழுக்கு இறங்கும். புதியதில் பன்னிரண்டிலிருந்து பதினான்குக்கு ஏறும். ஒலி இறங்கும், கை ஏறும். தெரிந்த பாட்டு ஏன் கைக்கு வரவில்லை என்று கேட்டீர்கள் அல்லவா? உங்கள் கை மறக்கவில்லை. மிகச் சரியாக நினைவில் வைத்திருந்து, மிகச் சரியாக எதிர்த்திசையில் போகிறது.

ஆகவே முதல் மூன்று வாரங்களுக்குப் பாட்டு எதுவும் வேண்டாம். கீழே சொல்கிற ஒரே ஒரு பயிற்சி போதும்.

இரண்டு, ஒன்று தந்திகளை உருளை வைக்காமல் மீட்டுங்கள்: ஸ-க. மூன்று, இரண்டுக்கு மாறி ஐந்தாம் ஃப்ரெட்: ரி-ம. அதே தந்திகளில் ஏழாம் ஃப்ரெட்: க-ப. மறுபடி இரண்டு, ஒன்று. ஐந்தாம் ஃப்ரெட்: ம-த. அதே தந்திகளில் ஏழு: ப-நி. மூன்று, இரண்டுக்கு வந்து பன்னிரண்டு: த-ஸ. அங்கேயே பதினான்கு: நி-ரி. கடைசியாக இரண்டு, ஒன்றில் பன்னிரண்டு: மேல் ஸ-க. முழு ஆரோகணமும் ஜோடி ஜோடியாக வந்துவிட்டது. உருளையை ஒருமுறைகூடச் சாய்க்கவில்லை. கை நின்ற இடங்கள் சுழி, ஐந்து, ஏழு, பன்னிரண்டு, பதினான்கு மட்டுமே.

இதை மெதுவாக, சுரங்களை வாயால் பாடிக்கொண்டே வாசியுங்கள். பாடுவது மிக முக்கியம். பாடாமல் வாசித்தால் கை எண்களை மனப்பாடம் செய்துகொள்ளும், பாடினால் காது ஜோடிகளைப் பிடித்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது இரண்டாவது. ஐந்தாம் ஃப்ரெட்டில் இரண்டு வெவ்வேறு ஜோடிகள் இருக்கின்றன என்பது காதுக்குத் தெளிவான நாளில், ‘எந்த ஃப்ரெட்’ என்ற கேள்வியைக் கை விட்டுவிட்டு ‘எந்த ஜோடி’ என்று கேட்கத் தொடங்கிவிடும். எனக்கு அது ஒரு மாலை நேரத்தில் திடீரென்று நிகழ்ந்தது. அதுவரை இறுகிப் பிடித்திருந்த தோள்பட்டை அன்று தளர்ந்ததை இப்போதும் உணர்கிறேன்.

பதினைந்து நிமிடங்கள் வீதம் ஒரு நாளில் இரண்டு முறை வாசித்தால் போதும். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் வாசித்தால் களைப்பில் கை பழைய வழிக்கே போய்விடும், அந்தத் தவறும் பழகிவிடும்.

இரண்டாவது குறைக்கு வருகிறேன்: எல்லாமே பழைய ஹவாய்ப் பாட்டுப் போல ஒலிப்பது. ஓப்பன் ஜி-யில் ஆறு தந்திகளையும் மொத்தமாக வருடினாலும் கிடைப்பது தூய மேஜர் கார்டு, ஏனென்றால் ஸ, க, ப தவிர வேறு சுரம் அங்கே இல்லை. வலது கைக்குத் தேர்வு செய்யும் பொறுப்பே கிடையாது. சி6-ல் நடுவே ஒரு தைவதம் உட்கார்ந்திருக்கிறது. மொத்தமாக வருடினால் அது ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொள்ளும், அந்தச் சாயல்தான் உங்களுக்குக் கேட்கிறது. நீங்கள் குறை என்று நினைப்பது அந்தச் சுரத்தை அல்ல, அதைத் தவிர்க்கத் தெரியாததை.

தூய மேஜர் வேண்டுமானால் கட்டைவிரல் நான்காம் தந்தியிலும், சுட்டுவிரல் இரண்டிலும், நடுவிரல் ஒன்றிலும் இருக்கட்டும்: ப, ஸ, க. மூன்றாம் தந்தியைத் தாண்டிவிட வேண்டும். மைனர் வேண்டுமானால் கட்டைவிரலை மூன்றாம் தந்திக்கு மாற்றுங்கள்: த, ஸ, க. உருளை அசையவில்லை, கட்டைவிரல் ஒரு தந்தி நகர்ந்தது, சி மேஜர் ஏ மைனராகிவிட்டது. ஐந்தாம் ஃப்ரெட்டில் இதே வித்தையைச் செய்தால் எஃப் மேஜரும் டி மைனரும். ஏழில் ஜி மேஜரும் இ மைனரும். மூன்றே இடங்களில் ஆறு கார்டுகள். ஓப்பன் ஜி-யில் முழு மைனர் கார்டு ஒன்றைப் பிடிக்க எவ்வளவு பாடுபட்டிருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். இந்த ட்யூனிங்குக்காக இத்தனை சிரமம் தாங்கலாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

சி மேஜருக்கு மாற்றாகச் சி மைனர் வேண்டும் என்றால் மூன்று ஃப்ரெட் முன்னால் போய் மேல் மூன்று தந்திகளை (மூன்று, இரண்டு, ஒன்று) மீட்டுங்கள். எந்த மேஜருக்கும் இதே கணக்கு.

மூன்றாம் தந்தியைத் தாண்டும் பழக்கம் வருவதற்கு என் மாணவர் ஒருவருடன் ஓர் எளிய வழியைச் செய்து பார்த்தேன். செய்தித்தாளில் விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டைக் கிழித்து, நான்காக மடித்து, தந்திகள் படிந்திருக்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மூன்றாம் தந்தியின் அடியில் செருகிவிட வேண்டும். தவறி அந்தத் தந்தியைத் தொட்டால் சுரம் வராது, ‘டக்’ என்று ஒரு மொட்டை ஒலி வரும். முதல் நாள் அவர் வாசித்தபோது அறை முழுவதும் டக் டக் என்று கேட்டது. பத்து நாட்களில் அது நின்றுவிட்டது. பிறகு காகிதத்தை எடுத்துவிட்டோம். விரல் தானாகவே தாண்டிப் போனது.

உள்ளங்கையின் ஓரத்தால் தந்திகளை அமர்த்தும் பழக்கமும் இங்கே கூடுதலாகத் தேவைப்படும். பழையதில் ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது முந்தைய ஒலி மிச்சமிருந்தாலும் காது பொறுத்துக்கொள்ளும். சி6-ல் மிச்சமிருக்கும் தைவதம் அடுத்த கார்டைக் குழப்பிவிடும். மீட்டு, அமர்த்து, நகர்த்து, மீட்டு. இந்த வரிசையை மெதுவாகப் பழகுங்கள்.

மூன்றாவது சிக்கல் ஏழாம் சுரக் கார்டுகள். இங்கே தவறு உங்களுடையது அல்ல. சி6-ல் அவை உண்மையாகவே இல்லை. ஜி7 என்ற கார்டின் உயிர் அதன் காந்தாரத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் இடையே உள்ள ஆறு அரைச்சுர இடைவெளி. அந்த உரசல்தான் ‘சி-க்குத் திரும்பு’ என்று காதை இழுக்கிறது. ஸ க ப த என்ற நான்கு சுரங்களில் எந்த இரண்டை எடுத்தாலும் ஆறு அரைச்சுர இடைவெளி வராது. எண்ணிப் பாருங்கள்: நான்கு, ஏழு, ஒன்பது, மூன்று, ஐந்து, இரண்டு. மேல் ஸ்தாயியில் திருப்பிப் போட்டாலும் ஆறு கிடைக்காது. இந்த ட்யூனிங்கின் மென்மைக்கும் அதன் குறைக்கும் காரணம் ஒன்றே.

இதற்கு வழிகள் உண்டு. கூட வாசிப்பவர் பாஸில் ஜி-யைப் பிடித்திருந்தால், நீங்கள் ஐந்தாம் ஃப்ரெட்டில் மூன்று, இரண்டு தந்திகளை மட்டும் மீட்டுங்கள். டி-யும் எஃப்-பும் ஒலிக்கும். பாஸோடு சேர்ந்து காது அதை ஜி7 என்றே கேட்டுக்கொள்ளும். பல பாட்டுகளுக்கு இதுவே தாராளம்.

உண்மையான உரசல் வேண்டும் என்றால் உருளையைச் சாய்க்க வேண்டும். நான்காம் தந்தி நான்காம் ஃப்ரெட்டிலும் இரண்டாம் தந்தி ஐந்தாம் ஃப்ரெட்டிலும் நிற்கும்படி, உருளையின் முனையைப் பிரிட்ஜ் பக்கமாகச் சற்றே திருப்புங்கள். பி-யும் எஃப்-பும் கிடைக்கும். மூன்று தந்திகளின் அகலத்தில் ஒரே ஒரு ஃப்ரெட் சாய்வு என்பதால் இது கடினமானது அல்ல. கட்டைவிரலால் உருளையின் பின்முனையை லேசாகத் தள்ளினால் போதும், மணிக்கட்டைத் திருக வேண்டாம். இடையில் இருக்கும் மூன்றாம் தந்தியை மட்டும் மீட்டிவிடாதீர்கள்; அது எந்தச் சுரத்திலும் சேராத இடத்தில் நிற்கும்.

மூன்றாவது வழி ஆறாம் தந்தியை மாற்றுவது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இத்தனை சிக்கல் உள்ள ஒன்றை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று தோன்றலாம். ஹவாயில் ஓவாஹூ தீவின் லாயியேயைச் சேர்ந்த ஜோசப் கெக்குகு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தந்தியின்மேல் உருக்கைச் சறுக்கி வாசிக்கும் முறையை வளர்த்தெடுத்தபோது, இருந்தவை மேஜர் கார்டில் அமைந்த எளிய ட்யூனிங்குகள். அன்றைய பாட்டுகளுக்கு அவை போதும். ஜாஸும் ஸ்விங்கும் வந்தபோது மைனரும் ஆறாம் சுரமும் தேவைப்பட்டன. ஹவாய்க் கிட்டார் கலைஞர் சோல் ஹோஓபியி சி ஷார்ப் மைனர் ட்யூனிங்கைக் கொண்டு அந்த இசைக்குள் நுழைந்தார். அமெரிக்காவின் ஒஹாயோவில் பிறந்த ஸ்டீல் கிட்டார் கலைஞர் ஜெர்ரி பைர்டு சி6-ன் அழகை உலகுக்குக் காட்டினார். ஒரே ட்யூனிங் எல்லாவற்றையும் தராது என்பதை உணர்ந்தவர்கள் ஒரே கருவியில் இரண்டு, மூன்று, நான்கு கழுத்துகளைக்கூட வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ட்யூனிங் வைத்துக்கொண்டார்கள். பிறகு மிதிகட்டைகளால் தந்தியின் சுருதியை வாசிக்கும்போதே மாற்றும் பெடல் ஸ்டீல் பரவியது. இன்றும் இரண்டு கழுத்துள்ள பெடல் ஸ்டீலில் வழக்கமாக ஒரு கழுத்து இ9, இன்னொன்று சி6. பெடல் வந்தபிறகும் அது நிலைத்து நிற்கிறது என்றால், அந்த நான்கு சுர அடுக்கில் அவ்வளவு பயன் இருக்கிறது.

நம் சித்திரவீணையை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கோட்டுவாத்தியம் என்று நாம் அழைத்துவந்த அந்தக் கருவியிலும் ஃப்ரெட் கிடையாது, உருளையைச் சறுக்கித்தான் வாசிக்கிறார்கள். ஆனால் அதில் மீட்டி வாசிக்கும் தந்திகள் ஸட்ஜத்திலும் பஞ்சமத்திலும் மட்டுமே சேர்க்கப்படுகின்றன. ராகத்தின் ஒற்றை ஓட்டத்துக்கு அது போதும். கார்டு என்ற தேவையே அங்கு இல்லாததால் காந்தாரமோ தைவதமோ அந்தத் தந்திகளில் உட்கார வேண்டிய அவசியம் வரவில்லை. சித்திரவீணைக் கச்சேரிகளைக் கேளுங்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். கோடுகளைப் பார்க்காமல் சுரத்தைக் காதால் தொடுவது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய தந்திகளையே முறுக்கிச் சி6-க்குக் கொண்டுவந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றே தளர்த்திவிடுங்கள். மேல் மூன்று தந்திகளில் பெரிய வேறுபாடு இல்லை. டி-யிலிருந்து இ, பி-யிலிருந்து சி, ஜி-யிலிருந்து ஏ. கீழ் மூன்று தந்திகள் ஒவ்வொன்றும் ஐந்து அரைச்சுரம் ஏறுகின்றன. அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுவிசை கூடும். ஐந்து அரைச்சுரம் என்றால் அதிர்வெண் சுமார் 1.33 மடங்கு, இழுவிசை சுமார் 1.78 மடங்கு. தந்தி அறுந்தால் கண்ணுக்கு ஆபத்து. அறாவிட்டாலும் கழுத்தும் பிரிட்ஜும் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கின்றன. உள்ளே உலோகக் கூம்பு வைத்த ரெசனேட்டர் வகைக் கருவியாக இருந்தால் அந்தக் கூம்பே நசுங்கிப்போகலாம். என் கருவி ஒன்றில் இப்படித்தான், தந்திகளின் முனைகளைப் பிடித்திருக்கும் டெயில்பீஸின் திருகுகள் மரத்தைப் பிய்த்துக்கொண்டு எழுந்துவிட்டன. பழுது பார்த்தவர் அங்கே வேறு மரத்துண்டை ஒட்ட வேண்டியிருந்தது.

22.5 அங்குல நீளமுள்ள கருவியில், மெல்லிய தந்தியிலிருந்து தொடங்கி 15, 18, 22, 26, 30, 36 என்ற தடிமன்கள் சி6-க்குப் பொருந்தும். இவை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு. முதல் மூன்றும் வெறும் தந்திகள், மற்ற மூன்றும் சுற்றுத் தந்திகள். ஒன்றிரண்டு எண் கூடக்குறைய இருந்தால் பாதகமில்லை. எல்லாத் தந்திகளும் உருளையின் கீழே ஏறத்தாழ ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தொளதொளவென்று இருந்தால் உருளை அங்கே அமிழ்ந்து சுருதி விலகும்.

சுருதி என்றதும் இன்னொன்று. மின்னணு ட்யூனரின் முள் நடுவில் நின்றால் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். முள் நடுவில் நிற்கும் காந்தாரம், நம் தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் கூடுதல். (ஓர் அரைச்சுரத்தில் 100 சென்ட்.) உருளை வைத்து மீட்டும்போது இந்தக் கூடுதல் நன்றாகவே உறுத்தும். ஓப்பன் ஜி-யில் இரண்டு பி தந்திகளை நீங்கள் தெரிந்தோ தெரியாமலோ இறக்கியே வைத்திருப்பீர்கள். சி6-ல் இறக்க வேண்டியவை இரண்டு இ தந்திகளும், கூடவே ஏ-யும். இ-யை 14 சென்ட்டும் ஏ-யை 16 சென்ட்டும் இறக்கினால், சி மேஜராக மீட்டினாலும் ஏ மைனராக மீட்டினாலும் தந்திகள் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். கீபோர்டோடு வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இதில் பாதி மட்டும் இறக்குங்கள். இல்லாவிட்டால் ஏ மைனர் வரும்போது கீபோர்டின் ஏ-யைவிட உங்களுடையது தாழ்ந்து கேட்கும். எண்களை நம்புவதைவிட, சி-யைத் தொடர்ந்து மீட்டிக்கொண்டே இ-யை இறக்கி, அலையடிப்பது எங்கே அடங்குகிறது என்று காதால் பிடிப்பதே சிறந்தது.

பழைய ட்யூனிங்கை முழுவதுமாக விட்டுவிட வேண்டுமா? முதல் ஆறு வாரங்களுக்கு விட்டுவிடுங்கள். ஒரே கருவியில் காலையில் ஜி, மாலையில் சி6 என்று மாற்றி மாற்றிச் சேர்ப்பவர்கள் இரண்டிலும் அரைகுறையாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பெரிய ஜோடியும் சின்ன ஜோடியும் இடம் மாறி நிற்கும் இரண்டு உலகங்களைக் கை தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளச் சில வாரங்களாவது குறுக்கீடு இல்லாமல் கிடைக்க வேண்டும். இரண்டு கருவிகள் இருந்தால் ஒன்றைப் பெட்டியில் மூடி வையுங்கள். ஆறு வாரம் கழித்துத் திறந்தால் ஓப்பன் ஜி அப்படியே உங்களுக்காகக் காத்திருக்கும். அதை நீங்கள் இழக்கப் போவதில்லை.

முதல் தந்தியை மட்டும் டி-யிலிருந்து இ-க்கு ஏற்றி ஜி பி டி ஜி பி இ என்று வைத்து, அதைப் பாலமாகப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். நல்ல ட்யூனிங்தான், மேல் மூன்று தந்திகளில் இ மைனர் கிடைக்கும். ஆனால் அதில் ஆறாம் சுரம் ஓரத்தில் இருக்கிறது, சி6-ல் நடுவில் இருக்கிறது. ஒன்றில் பழகியது மற்றதற்கு உதவுவதில்லை. அதைத் தனி ட்யூனிங்காகக் கற்றுக்கொள்ளுங்கள், படிக்கட்டாக எண்ண வேண்டாம்.

நான்காவது வாரத்தில் ஒரு பாட்டை எடுங்கள். ஒன்றே ஒன்று. தூக்கத்தில்கூடப் பாட வருகிற ஒரு மெட்டாக இருக்கட்டும், பழைய ட்யூனிங்கில் நீங்கள் வாசித்தே இராததாக இருந்தால் மிகவும் நல்லது. கைக்கு எதிர்நினைவு இருக்காது. அச்சிட்ட ஃப்ரெட் எண்களைப் பார்த்து வாசிக்காதீர்கள். பழைய எண்களைப் புதிய எண்களாக மாற்றி எழுதி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அப்படி எழுதிக்கொண்டே ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன், தாளில் எல்லாம் சரியாக இருந்தது, கையில் ஒன்றும் ஏறவில்லை. மெட்டைப் பாடுங்கள். முதலில் முதல் தந்தியில் மட்டும் தேடுங்கள். எட்டாம் ஃப்ரெட்டில் ஸட்ஜம். பிறகு இரண்டாம் தந்தியில் மட்டும். பிறகு பெரிய, சின்ன ஜோடிகளாக. ஒரே மெட்டு மூன்று வழிகளில் கிடைத்துவிட்டால், மற்ற பாட்டுகள் கேட்காமலேயே வரத் தொடங்கும்.

இனி ஆறாம் தந்தி. மூன்று மாதங்கள் கழித்து, மைனரும் மேஜரும் யோசிக்காமல் கைக்கு வந்தபின், கீழ் சி-யை அரைச்சுரம் ஏற்றிச் சி ஷார்ப் ஆக்குங்கள். ஜெர்ரி பைர்டு கையாண்ட மாற்றம் இது. மேல் ஐந்து தந்திகளில் நீங்கள் கற்ற எதுவும் மாறாது. கீழிருந்து நான்கு தந்திகள் மட்டும் சி ஷார்ப், இ, ஜி, ஏ என்று நிற்கும். அது முழுமையான ஏ7. சி ஷார்ப்புக்கும் ஜி-க்கும் இடையே எண்ணிப் பாருங்கள், ஆறு அரைச்சுரம், இவ்வளவு நாளும் இல்லாமலிருந்த அந்த உரசல். மூன்றாம் ஃப்ரெட்டில் சி7, ஐந்தில் டி7, பத்தில் ஜி7. இதற்கு விலையாக அந்தத் தாழ்ந்த சி-யையும், கீழ் மூன்று தந்திகளில் இருந்த மேஜர் கார்டையும் இழப்பீர்கள். பத்தாம் ஃப்ரெட்டில் கட்டைவிரலால் அந்த நான்கு தந்திகளை மெதுவாக வருடி, அமர்த்தி, பன்னிரண்டுக்கு நகர்ந்து நான்கு, இரண்டு, ஒன்று தந்திகளில் சி மேஜரை மீட்டிப் பாருங்கள். அந்த விலை உங்களுக்குச் சம்மதமா என்பதை அங்கே உங்கள் காதே சொல்லிவிடும்.